ஒரு கோப்பியும் ஒரு பணிசும்

இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

  லண்டனில் இப்போது பிற்பகல். ரொறன்ரோவில் காலை, சிட்னியில் நள்ளிரவு. யார் யார் கையில் என்ன கோப்பை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இருந்தால் நல்லது. இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

தலைப்பு ஒரு கேள்வியில் இருந்து வந்தது. மெல்பேர்னில் இருக்கும் நண்பர் ஒருவர் குடும்பத்தோடு விடுமுறைக்கு லண்டன் வருகிறார். அரண்மனை, பாலம், அருங்காட்சியகம் எல்லாவற்றையும் அவரே பார்த்துக் குறித்து வைத்துவிட்டார். என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நல்ல கோப்பி குடிக்கவும் நல்ல பணிஸ் சாப்பிடவும் எங்கே போகலாம்? நாலு கடையின் பெயரை எழுதி அனுப்பியிருக்கலாம். எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு கடைக்கும் பின்னால் எங்கிருந்தோ வந்த ஒருவர் நிற்பது தெரிந்தது. இரண்டு மூன்று இடங்களில் நம்முடைய ஆட்களும் நின்றார்கள். கடைக்குள் அல்ல, கடைக்கு வெகு தொலைவில். அதனால் பதில் நீண்டுவிட்டது.

பாங்க் நிலத்தடி நிலையத்தில் இறங்கி கோர்ன்ஹில் வீதியால் கொஞ்சம் நடந்தால், புனித மைக்கேல் தேவாலயத்தின் அருகே ஓர் ஒடுங்கிய ஒழுங்கை பிரியும். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். அதற்குள் ஒரு மதுக்கடை இருக்கிறது. சிவப்புக் கல் கட்டடம், பெயர் ஜமைக்கா வைன் ஹவுஸ். அதன் சுவரில் உள்ள வட்டப் பலகையில், லண்டனின் முதல் கோப்பிக் கடை 1652இல் இங்கே, பாஸ்குவா ரோசேயின் தலை பொறித்த பெயர்ப்பலகையின் கீழ் இருந்தது என்று எழுதியிருக்கிறது.

2003இல், சமாதான காலத்தில், அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து வந்திருந்தபோது அவரை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். மாசி மாதம். அம்மா பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதைப் பாக்கவோ தம்பி இந்தக் குளிருக்குள்ளை கூட்டிக்கொண்டு வந்தனி?" என்றார். பிறகுதான் கதையைச் சொன்னேன்.

டானியல் எட்வர்ட்ஸ் என்ற வணிகர். துருக்கியின் ஸ்மிர்னா துறைமுகத்தில், இன்றைய இஸ்மிரில், லெவண்ட் கம்பனிக்காக வியாபாரம் செய்தவர். அங்கே கோப்பி குடித்துப் பழகிவிட்டார். லண்டனுக்குத் திரும்பும்போது தனக்குக் கோப்பி போட்டுத் தரும் வேலைக்காரனையும் கூட்டி வந்தார். அவர்தான் பாஸ்குவா ரோசே. இந்தப் புதிய பானத்தைக் குடித்துப் பார்க்க எட்வர்ட்ஸ் வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தொல்லை தாங்காமல், தேவாலய முற்றத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கொட்டிலைப் போட்டு ரோசேயை அங்கே இருத்தினார். அதுதான் கடை. அந்த ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டையில் போர்த்துக்கீசர் இருந்தார்கள். சென்னையில் புனித ஜோர்ஜ் கோட்டைக்கு வயது பன்னிரண்டோ பதின்மூன்றோ.

கடை நன்றாக ஓடியது. ஓடியதுதான் பிரச்சினை. அக்கம் பக்கத்தில் பியர் விற்றவர்கள் நகர மேயரிடம் முறையிட்டார்கள். அவர்களுடைய புகார் கோப்பி பற்றியது அல்ல. இந்த ஆள் நகரத்தின் உரிமை பெற்ற குடிமகன் இல்லை, இவன் எப்படி இங்கே கடை வைக்கலாம் என்பதுதான் புகார். எட்வர்ட்ஸின் மாமனார் ஹொட்ஜஸ் நகரசபையில் ஆல்டர்மன். அவருடைய வண்டிக்காரர் கிறிஸ்தோபர் போமன் உரிமை பெற்றவர். அவரைப் பங்காளியாகச் சேர்த்தார்கள். கடை பிழைத்தது. சில ஆண்டுகளில் போமன் நிலைத்துவிட்டார். ரோசேயின் பெயர் ஏடுகளில் இருந்து மறைந்துவிடுகிறது.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கே கடை எடுத்த நம்மவர்களுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை. விசா உள்ளவரின் பெயரில் குத்தகை, விசா இல்லாதவரின் கையில் வேலை. சில பங்காளித்தனங்கள் நல்லபடியாக முடிந்தன. சில முடியவில்லை.

அம்மா கேட்டார்: "அந்தப் பொடியன் பிறகு என்ன ஆனவன்?" தெரியாது என்றேன். அவர் மறுபடியும் பலகையைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் சொன்னதை இந்த உரையில் வேறோர் இடத்தில் சொல்ல வேண்டும்.

கோப்பிக் கடைகள் எப்படிப் பெருகின என்பது பலருக்கும் தெரிந்த கதை. விரைவாகக் கடக்கிறேன். ஒரு பென்னி கொடுத்தால் ஒரு கோப்பை, ஒரு நெருப்பு, ஒரு செய்தித்தாள், பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவரோடு வாதம். அரசர் இரண்டாம் சார்ள்ஸுக்கு இந்த வாதங்கள் பிடிக்கவில்லை. 1675 டிசம்பர் 29இல் கோப்பிக் கடைகளை மூடச் சொல்லி ஆணையிட்டார். எதிர்ப்பு கிளம்பவே, ஆணை நடைமுறைக்கு வருவதற்குள் ஜனவரி 8இல் அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். எட்வர்ட் லொயிட்டின் கடையில் கப்பல்காரர்கள் கூடினார்கள்; அது உலகத்தின் பெரிய காப்புறுதிச் சந்தை ஆனது. ஜோனதன்ஸ் கடையில் பங்குத் தரகர்கள் கூடினார்கள்; 1698இல் இருந்து அங்கே விலைப்பட்டியல் வெளியிட்டார்கள்; பங்குச் சந்தையின் வேர் அது. கோர்ன்ஹில் பக்கமே இருந்த ஜெருசலேம் கோப்பிக் கடையில் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல் தலைவர்களும் வணிகர்களும் உட்கார்ந்தார்கள். மதராஸில் எந்தத் துணி எந்தக் கப்பலில் ஏறியது, எந்தக் கப்பல் திரும்பவில்லை என்ற செய்தி அந்த மேசைகளில்தான் முதலில் விழுந்தது.

1674இல் கோப்பிக்கு எதிரான பெண்களின் விண்ணப்பம் என்று ஒரு துண்டுப் பிரசுரம் வந்தது. ஆண்கள் கோப்பி குடித்துக் குடித்து எதற்கும் உதவாதவர்கள் ஆகிவிட்டார்கள் என்பது அதன் குற்றச்சாட்டு. உண்மையில் பெண்கள் எழுதியதா என்பது சந்தேகம். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' படித்தவர்களுக்கு இது சிரிப்பை வரவழைக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் காப்பி பரவியபோதும் இதே அலறல்தான். உடம்பு போச்சு, பழக்கம் போச்சு, பழைய சோறு போச்சு.

ஆனால் அந்தப் பென்னிக் கடைகளைச் சமத்துவத்தின் பிறப்பிடம் என்று பாடப் புத்தகம் மாதிரிப் புகழ்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன் பத்திரிகைகளில் ஓடிப்போன அடிமைகளைத் தேடும் விளம்பரங்கள் வந்தன. பிடித்துக் கொடுப்பவர் பரிசு பெற வர வேண்டிய முகவரியாகப் பல விளம்பரங்களில் இருப்பது ஒரு கோப்பிக் கடைதான். தேடப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆபிரிக்கர்கள். கிழக்கிந்தியாவில் இருந்து கொண்டுவரப்பட்ட சிறுவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். ரோசேயின் அதே ஒழுங்கையில் பிறகு வந்த ஜமைக்கா கோப்பிக் கடையில்தான் மேற்கிந்தியத் தீவுகளின் சீனி வியாபாரிகள் கூடினார்கள். இன்றைய மதுக்கடையின் பெயர் அங்கிருந்து வந்தது. கடைசியில் அந்த இடத்தில் பியர்க்காரர்கள்தான் வென்றார்கள் என்பது தனிக் கதை.

இந்தியர் ஒருவர் லண்டனில் முதலில் திறந்த உணவுக் கடைக்கும் கோப்பிக் கடை என்றுதான் பெயர். பாட்னாவில் 1759இல் பிறந்த சேக் டீன் மஹோமெட், கம்பனிப் படையோடு திரிந்து, அயர்லாந்தில் குடியேறி, 1794இல் ஆங்கிலத்தில் தன் பயண நூலை வெளியிட்டவர். ஆங்கிலத்தில் நூல் எழுதிய முதல் இந்தியர். 1810இல் போர்ட்மன் சதுக்கத்துக்கு அருகே ஜோர்ஜ் வீதியில் 'ஹிந்துஸ்தான் கோப்பி ஹவுஸ்' திறந்தார். அங்கே கோப்பி முக்கியம் அல்ல. மூங்கில் கதிரை, ஹூக்கா, இந்தியச் சமையல். இந்தியாவில் உழைத்துத் திரும்பிய கனவான்கள் வருவார்கள் என்று நம்பினார். அவர்கள் வீட்டிலேயே இந்தியச் சமையல்காரரை வைத்திருந்தார்கள். 1812இல் கடன் முறிந்தது. பிறகு பிரைட்டன் போய், எண்ணெய் தேய்த்து நீராவிக் குளியல் கொடுக்கும் தொழிலில் பெயர் பெற்றார். கடை இருந்த இடத்துக்கு 2005இல் பச்சைப் பலகை வைத்தார்கள். வாடிக்கையாளர் யார் என்று தவறாகக் கணித்ததால் மூடிய கடைகள் லண்டனில் இன்றைக்கும் குறைவில்லை. எனக்குத் தெரிந்த இரண்டு தோசைக் கடைகள் உண்டு, பெயர் வேண்டாம்.

இனிப் பணிசுக்கு வருவோம். பேக்கரி என்றாலே இந்த நகரத்துக்கு ஒரு பழைய காயம் இருக்கிறது. 1666 செப்டம்பர் 2ஆம் திகதி அதிகாலை, புடிங் லேனில் தோமஸ் ஃபாரினரின் பேக்கரியில் பிடித்த தீ நகரத்தையே எரித்தது. ரோசேயின் ஒழுங்கையும் அதில் போனது. 320 ஆண்டுகள் கழித்து, 1986இல், பேக்கரிக்காரர் சங்கம் மன்னிப்புக் கேட்டுப் பலகை வைத்தது. அவசரப்படாத ஊர்.

செல்சி பணிஸ் என்று ஒன்று இங்கே எல்லா பேக்கரியிலும் கிடைக்கும். மாவை மெல்லியதாகத் தட்டி, கறுவாத்தூளும் முந்திரிகை வற்றலும் சீனியும் தூவி, பாய் மாதிரிச் சுருட்டி, துண்டு துண்டாக வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும்படி தட்டில் அடுக்கிப் போறணையில் வைப்பார்கள். அதனால்தான் அது வட்டமாகவும் இல்லாமல் சதுரமாகவும் இல்லாமல் இருக்கும். 1711இலேயே ஜொனதன் சுவிஃப்ட் நடந்து போகையில் ஒன்று வாங்கி, ஒரு பென்னி கொடுத்து, பழசாகிப் போயிருந்தது என்று கடிதத்தில் குறைப்பட்டிருக்கிறார். செல்சி பணிஸ் வீடு என்ற கடைக்கு அரச குடும்பமே வண்டியில் வந்தது. பெரிய வெள்ளியன்று தெரு நிறையக் கூட்டம். 1839இல் கட்டடத்தை இடித்தார்கள்.

கறுவா எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். இலங்கைக் கரையோரம், முதலில் போர்த்துக்கீசர் கையில், பிறகு ஒல்லாந்தர் கையில். சீனி கரிபியனில் இருந்து வந்தது. அங்கே கரும்பு வெட்டியவர்கள் அடிமைகள். அடிமை வணிகத்தை ஒழிக்கும் தீர்மானத்தை 1791இல் பாராளுமன்றம் தோற்கடித்தது. உடனே வில்லியம் ஃபொக்ஸ் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினார்: பாராளுமன்றம் செய்யாவிட்டால் நாங்கள் செய்வோம், சீனியை விடுவோம். 3 இலட்சம் பேர் சீனியை விட்டார்கள் என்று தோமஸ் கிளார்க்சன் கணக்கிட்டார். வாக்குரிமை இல்லாத பெண்கள் தங்கள் குசினியில் இருந்து நடத்திய அரசியல் அது. பிறகு 1820களில், அடிமைகள் செய்யாத கிழக்கிந்தியச் சீனி என்று எழுதிய சீனிக் கிண்ணங்கள் விற்பனைக்கு வந்தன. இன்றைக்கும் அருங்காட்சியகங்களில் அவை இருக்கின்றன. அழகான கிண்ணங்கள்.

அந்தக் கிண்ணத்தின் முன் நான் எப்போதும் கொஞ்ச நேரம் கூட நிற்பேன். அதற்குப் பிறகு நடந்தது நம்முடைய கதை. 1834 ஆகஸ்ட் 1இல் அடிமை முறை ஒழிந்தது. பிரித்தானிய அரசு 2 கோடி பவுண் நட்டஈடு கொடுத்தது. அடிமைகளுக்கு அல்ல, அவர்களை வைத்திருந்தவர்களுக்கு. கரும்பு வெட்ட ஆள் வேண்டும். அதே 1834இல் மொரிசியஸுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களை ஏற்றத் தொடங்கினார்கள். மொத்தம் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் போர்ட் லூயியில் இறங்கினார்கள். கல்கத்தாவில் இருந்து வந்தவர்கள் அதிகம். சென்னையில் கப்பல் ஏறியவர்களும் ஆயிரக்கணக்கில். 1860இல் நேட்டாலின் கரும்புக்கு முதலில் ஆள் கொண்டுபோன ட்ரூரோ கப்பல் சென்னையில் இருந்துதான் புறப்பட்டது. அடிமை செய்யாத சீனி என்று கிண்ணத்தில் எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. சட்டப்படி அது உண்மைதான்.

இப்போது கோப்பிக்குத் திரும்ப வேண்டும். இந்த உரையை நான் எடுத்துக்கொண்டதே இந்தப் பகுதிக்காகத்தான்.

லண்டனில் கோப்பி என்றால் 1650கள், பிறகு தேநீர் வந்து அதைத் துரத்திவிட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். முழுவதும் சரியல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்கு இரண்டாவது வாழ்வு ஒன்று இருந்தது. 1825இல் தீர்வை குறைந்தது. தொழிலாளர் பகுதிகளில் மலிவான கோப்பிக் கடைகள் முளைத்தன. 1840 அளவில் லண்டனில் ஆயிரத்துக்கு மேல். விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சூடான கோப்பி, பாண், வெண்ணெய். தெருமுனைகளில் தள்ளுவண்டிகள். லண்டன் ஏழைகள் பற்றிய தன் பெரிய நூலில் ஹென்றி மேஹ்யூ இவர்களை விரிவாக எழுதியிருக்கிறார். கோப்பியில் சிக்கரி கலப்பதையும், அந்தச் சிக்கரியிலேயே கரட் கலப்பதையும் விடவில்லை. 1850இல் ஆர்தர் ஹசல் என்ற மருத்துவர் நுண்ணோக்கியில் கோப்பித்தூளை வைத்துப் பார்த்துக் கலப்படத்தை அம்பலப்படுத்தினார். கும்பகோணம் டிகிரி காப்பிக்குச் சிக்கரி வேண்டுமா வேண்டாமா என்று இன்றைக்கும் சண்டை பிடிக்கும் நண்பர்கள் குறித்துக்கொள்ளலாம்: இது லண்டனிலும் பழைய வழக்கு.

அந்தக் கோப்பைகளில் இருந்த கோப்பியில் பெரும் பங்கு எங்கிருந்து வந்தது? இலங்கையின் மலைநாட்டில் இருந்து. 1824 அளவில் கம்பளைப் பக்கம் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் போட்டார். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸும் பேராதனைக்கு அருகே கண்ணொறுவையில் தோட்டம் வைத்தார். ஆளுநரே தோட்டக்காரர், பிறகு சட்டம் எப்படி இருக்கும்? 1835இல் இலங்கைக் கோப்பியின் தீர்வையை மேற்கிந்தியக் கோப்பிக்குச் சமமாக்கினார்கள். அங்கே அடிமை முறை ஒழிந்து விளைச்சல் விழுந்துகொண்டிருந்தது. 1840களில் கண்டிக் காடுகளை வெட்டி எரித்துக் கோப்பி நட்டார்கள். 1870ஐ ஒட்டி ஆண்டுக்கு 10 கோடி இறாத்தலுக்கு மேல் ஏற்றுமதி. உலகத்தின் பெரிய கோப்பி நாடுகளில் ஒன்றாக அந்தச் சின்னத் தீவு நின்றது.

நட்டவர்கள், பறித்தவர்கள் தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்கள். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம், தஞ்சை. தேயிலைத் தோட்டங்கள் மாதிரி லயத்தில் குடியிருந்தவர்கள் அல்ல. கோப்பி பருவப் பயிர். அறுவடைக்கு வந்து, முடிந்ததும் திரும்பிப் போவார்கள். அதனால் ஒவ்வோர் ஆண்டும் போகவும் வரவும் ஒரே பாதை: பாக்கு நீரிணையைத் தோணியில் கடந்து மன்னார்க் கரை, அங்கிருந்து காட்டுக்குள்ளால் நூறு மைலுக்கு மேல் கால்நடையாக மாத்தளை. தண்ணீர் இல்லை. இருந்தால் அதில் வாந்திபேதி. விழுந்தவரை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள், நிற்க முடியாது. 1841க்கும் 1848க்கும் இடையில் 70,000 பேர் இறந்திருப்பார்கள் என்று 'கொழும்பு ஒப்சேர்வர்' பத்திரிகை கணக்குப் போட்டது. அந்த எண்ணிக்கை பற்றி வரலாற்றாளர்களிடையே பெரிய வாதம் இருக்கிறது. கூட்டிச் சொன்னது என்பவர்கள் உண்டு, குறைத்துச் சொல்ல முடியாது என்பவர்களும் உண்டு. டொனோவன் மோல்ட்ரிச் இதைப் பற்றியே ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதியிருக்கிறார். 'கசப்புக் கனியின் அடிமைத்தனம்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். எண்ணிக்கை பாதியாக இருந்தாலும், அதன் பாதியாக இருந்தாலும், லண்டன் தெருமுனைக் கோப்பியின் விலையை நான் வேறு மாதிரித்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

1869இல் மலைநாட்டில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி மாதிரி ஒரு பூஞ்சணம் கண்டார்கள். ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். தோட்டத்துரைமார் அதை 'நாசக்கார எமிலி' என்று அழைத்தார்கள். இருபது ஆண்டுகளில் கோப்பி முடிந்தது. தேயிலை வந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே லூல்கந்துறையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். 1873இல் 23 இறாத்தல் தேயிலை லண்டனுக்குப் போனது. மின்சிங் லேன் ஏலக் கூடங்களில் அதன் விலை ஏறியது. 1998 ஜூன் 29இல் லண்டனின் கடைசித் தேயிலை ஏலம் நடந்தது.

இங்கே ஒரு தவறான கதையைத் திருத்த வேண்டும். இலங்கைக் கோப்பி அழிந்ததால்தான் ஆங்கிலேயர் தேநீருக்கு மாறினார்கள் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, நம்முடைய தீவுக்கும் ஒரு பெருமை. ஆனால் 1784இலேயே தேயிலைத் தீர்வையை 119 வீதத்தில் இருந்து 12.5 வீதமாகக் குறைத்தபோது இங்கிலாந்து தேநீர் நாடு ஆகிவிட்டது. பூஞ்சணம் மாற்றியது ஆங்கிலேயரின் வாயை அல்ல. மாற்றியது நம் ஆட்களின் வாழ்க்கையை. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். பருவத்துக்கு வந்துபோனவர்கள் லயத்தில் தங்கினார்கள், பிள்ளைகள் பெற்றார்கள், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளிடம் 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டது.

அம்மா எழுபதுகளில் மாத்தளையில் ஆசிரியையாக இருந்தவர். 1977 கலவரத்தோடு யாழ்ப்பாணம் திரும்பினார். வகுப்பில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போவார்கள், கேட்டால் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள் என்பார்கள் என்று சொல்வார். 1973, 74இல் பாணுக்கு விடியற்காலை வரிசையில் நின்றதையும், தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்ததையும் சொல்வார். அன்றைக்குக் கோர்ன்ஹில் ஒழுங்கையில், பலகையை இரண்டாம் தரம் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "கோப்பி வித்தவனுக்குப் பலகை வைச்சிருக்கினம். கோப்பி நட்டுச் செத்ததுகளுக்கு ஆர் வைச்சது?"

எனக்குப் பதில் இல்லை. பக்கத்தில் ஒரு கடையில் ஆளுக்கொரு கோப்பி வாங்கினேன். விலையைக் கேட்டுவிட்டுப் பாதி குடித்தார், மிச்சத்தை மூடி கைப்பையோடு பிடித்துக்கொண்டு வந்தார்.

சாப்பாட்டுக் கடைகளுக்கு வேறொரு பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. 1862இல் தொடங்கிய ஏரேட்டட் பிரெட் கம்பனி, நொதிக்க வைக்காமல் கரியமில வாயுவைச் செலுத்திப் பாண் செய்தது. 1864இல் அது தேநீர்க் கடைகளைத் திறந்தது. ஆண் துணை இல்லாமல் ஒரு பெண் மரியாதையாக உட்கார்ந்து ஒரு பணிஸ் சாப்பிடக்கூடிய இடம் லண்டனில் அப்போது அரிது. 1894இல் பிக்காடிலியில் லயன்ஸ் வந்தது. கணினித் துறையில் இருக்கும் நண்பர்களுக்கு ஒன்று: வணிக வேலைக்கு ஓடிய உலகத்தின் முதல் கணினி லயன்ஸ் கட்டிய லியோதான். 1951 நவம்பரில் அது போட்ட முதல் வழக்கமான கணக்கு பாண், கேக், பை ஆகியவற்றின் உற்பத்திச் செலவு.

1888இல் சட்டம் படிக்க வந்த காந்திக்கு வயது பத்தொன்பது. மரக்கறி தவிர எதுவும் சாப்பிட மாட்டேன் என்று தாயிடம் சத்தியம். தங்கிய வீட்டில் இரண்டு மூன்று துண்டு பாணுக்கு மேல் கேட்க வெட்கம். இதை அவரே சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். கடைசியில் ஃபாரிங்டன் வீதியில் ஒரு மரக்கறி உணவகத்தைக் கண்டுபிடித்து, லண்டன் வந்த பிறகு முதல் முறையாக வயிறாரச் சாப்பிட்டார். புதிதாக வந்த ஒருவருக்குப் பசியை விட, இன்னும் ஒன்று தாருங்கள் என்று கேட்கும் வெட்கம்தான் பெரியது. எனக்குத் தெரியும்.

நான் வந்தது 1991 மார்கழியில். மூன்றாம் மாதம் மேற்கு லண்டனில் ஒரு பாண் ஆலையில் இரவு வேலை. பெயர் சொல்லவில்லை. இப்போது அது இல்லை. இரவு பத்தில் இருந்து காலை ஆறு வரை. பட்டியில் ஊர்ந்து வரும் பணிசுகளில் கோணியதையும் ஒட்டியதையும் பொறுக்கிப் பெரிய தொட்டியில் போட வேண்டும். கையுறைக்குள்ளும் சூடு ஏறும். என்னோடு நின்றவர் ஒரு கானாக்காரர், பாட்டுப் பாடிக்கொண்டே பொறுக்குவார். பத்திரம் சரியாக இல்லாதவர்களுக்குச் சம்பளம் மற்றவர்களில் பாதி, அதையும் ஒரு இடைத்தரகர் கையில் வாங்க வேண்டும். அவர் நம்மவர். அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த மாதங்களில் அம்மாவின் கடிதங்கள் செஞ்சிலுவை வழியாக வரும். ஊரில் பொருளாதாரத் தடை. மா விலை, சீனி விலை, மண்ணெண்ணெய் விலை. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறோம், பழைய காலம் மாதிரி நல்லாய்த்தான் இருக்கு என்று எழுதியிருந்தார். அன்றிரவும் நான் தொட்டி தொட்டியாகப் பணிஸ் கொட்டினேன். இன்றைக்கும் ஐசிங் சீனி பூசிய பணிசை என்னால் சாப்பிட முடியாது.

சோஹோவைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசலாம், நேரம் இல்லை. கிரீக் வீதியில் 1871இல் இருந்து மேசோன் பேர்ட்டோ, பிரெஞ்சுக் கேக் கடை. ஓல்ட் கொம்ப்டன் வீதியில் 1887இல் இருந்து அல்ஜீரியன் கோப்பிக் கடை. ஃபிரித் வீதியில் 1949இல் இத்தாலியர் திறந்த பார் இத்தாலியா. அதே கட்டடத்தின் மேல்மாடியில்தான் 1926இல் பெயர்ட் தொலைக்காட்சியைச் செய்து காட்டினார். பிரிக் லேனில் யூதர்களின் பேகல் கடை இரவு பகல் திறந்திருக்கும். கொஞ்சம் தள்ளி இருக்கும் பள்ளிவாசல் 1743இல் பிரெஞ்சு அகதிகளின் தேவாலயமாகக் கட்டப்பட்டது; பிறகு மெதடிஸ்ட் கோயில், 1898இல் யூத ஆலயம், 1976இல் பள்ளிவாசல். கட்டடம் ஒன்றே. வெளியே தெருவில் இருக்கும் உணவு மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

நம்முடைய கடைகளுக்கு வருகிறேன். டூட்டிங், வெம்பிளி, ஹரோ, ஈஸ்ட் ஹாம். கண்ணாடிப் பெட்டிக்குள் றோல்ஸ், பற்றீஸ், மாலுபாண், சீனிச்சம்பல் பணிஸ், முதலை மாதிரி நீண்டு மேலே சீனி தூவிய கிம்புலா பணிஸ். சில பெயர்ப்பலகைகளில் பேக்கரி என்று இருக்கும், சிலவற்றில் வெதுப்பகம். தமிழ்நாட்டு நண்பர்கள் அடுமனை என்பார்கள். வெதுப்பகம் என்று எழுதியிருந்தால் கடைக்காரர் எந்த ஆண்டு வரை ஊரில் இருந்தார் என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடியும். பெயர்ப்பலகை எதுவானாலும் உள்ளே இருப்பது பாண், அது போர்த்துக்கீசச் சொல். போறணையும் அப்படியே. விசுக்கோத்து, குசினி, கதிரை, கோப்பை எல்லாம் அவர்கள் விட்டுப் போனவை. 1619இல் இருந்து 1658 வரை, நாற்பது ஆண்டுகூட இல்லை, யாழ்ப்பாணத்தை ஆண்டார்கள். அரசு போய்விட்டது, போறணை நிற்கிறது. வடமேற்கு லண்டனில் ஒரு போர்த்துக்கீசக் கடையில் கஸ்டர்ட் பை வாங்கும்போது, பாணைக் காட்டி இதற்கு எங்கள் ஊரிலும் இதுதான் பெயர் என்று சொன்னேன். அந்த அம்மா நம்பவில்லை. ஒரு பை இலவசமாகத் தந்தார்.

நண்பருக்குக் கடைசியில் எழுதி அனுப்பியதைச் சொல்லி முடிக்கிறேன். கோர்ன்ஹில் ஒழுங்கைக்கு வேலைநாளில் காலையிலேயே போங்கள். சனி ஞாயிறு அந்தப் பக்கம் எல்லாம் பூட்டு. அங்கிருந்து பிரிக் லேனுக்கு நடக்கலாம், அரை மணி நேரம். பிள்ளைகள் களைத்துப்போனால் டொக்லண்ட்ஸ் அருங்காட்சியகத்துக்கு ரயில் எடுங்கள். 1802இல் திறந்த துறைமுகத்தின் சீனிக் கிடங்கு அது, உள்ளே போக இலவசம். வாசலில் நின்ற அடிமை வணிகரின் சிலையை 2020இல் எடுத்துவிட்டார்கள், பீடம் இருந்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஈஸ்ட் ஹாமை இன்னொரு நாளைக்கு வையுங்கள். பிளேன்ரீயைச் சீனி போடாமல் கேளுங்கள், பனங்கட்டி வேண்டும் என்றால் தனியாகத் தருவார்கள். கிம்புலா பணிஸ் பதினொரு மணிக்கு முன்னர் முடிந்துவிடும்.

 கேள்விகள் இருந்தால் எழுதுங்கள், வாசிக்கிறேன்.